நான்காம் அத்தியாயம்: ஒரே வூஃபர், வேறு வேறு பெட்டி

எந்த மாதிரிப் பெட்டி நன்றாகப் பாடும் என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. இந்த ஸ்பீக்கருக்கு எந்தப் பெட்டி என்று கேட்டால் தாளில் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். ஸ்பீக்கரின் கோனைத் தாங்கும் விளிம்பும் ஸ்பைடரும் ஒரு ஸ்பிரிங். பெட்டிக்குள் அடைபட்ட காற்று இன்னொரு ஸ்பிரிங். இரண்டும் சேர்ந்து இழுக்கும் இழுப்பில்தான் பேஸ் பிறக்கிறது. அதனால் பெட்டிகளை மட்டும் வரிசையாக வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. இந்த அத்தியாயம் முழுக்க ஒரே ஒரு 8 அங்குல வூஃபரைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியிலும் அதையே மாட்டிப் பார்க்கப் போகிறோம்.

நம் வூஃபரின் ஜாதகம் மூன்று எண்களில் இருக்கிறது. முதலாவது எஃப்.எஸ்.: எந்தப் பெட்டியிலும் மாட்டாதபோது கோன் தானாக ஆட விரும்பும் அதிர்வெண். நம்முடையது 35 ஹெர்ட்ஸ். இரண்டாவது வி.ஏ.எஸ்.: கோனின் தாங்கல் எவ்வளவு இளக்கமோ, அதே அளவு இளக்கமாக இருக்கும் காற்றின் கொள்ளளவு. நம்முடையது 40 லிட்டர். மூன்றாவது க்யூ.டி.எஸ்.: கோனின் ஆட்டத்தைக் காந்தமும் உராய்வும் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கின்றன என்பதன் அளவு. எண் சிறியதானால் பிடி பலம். நம்முடையது 0.40. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் வெளியிட்ட கட்டுரையும், சிட்னியில் ரிச்சர்ட் ஸ்மால் 1972, 73-இல் எழுதிய கட்டுரைகளும்தான் இந்த எண்களுக்கு மூலம். அதற்கு முன்பு பெட்டி செய்தவர்கள் மரத்தை அறுத்துப் பார்த்து, கேட்டுப் பார்த்து, மறுபடியும் அறுத்தார்கள். கணக்கு வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனபிறகும் நம் ஊர்ப் பட்டறைகள் பலவற்றில் அதே கதைதான் நடக்கிறது.

முதலில், பெட்டியே எதற்கு? கோன் முன்னே தள்ளும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது, பின்பக்கக் காற்று விரிகிறது. 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்கு 20 செ.மீ. ஸ்பீக்கரின் விளிம்பைச் சுற்றிப் பின்னால் போவது ஒரு தூரமே இல்லை. முன்னால் எழுந்த அழுத்தம் பின்னால் உண்டான குறைவை நிரப்பிவிட, பேஸ் அங்கேயே தீர்ந்துபோகிறது. மேசைமேல் வெறுமனே கிடக்கும் ஸ்பீக்கர் எவ்வளவு பெரிதானாலும் ஒல்லியாக ஒலிப்பதன் காரணம் இதுதான். எல்லாப் பெட்டிகளும் இந்தப் பின்புற ஒலியை என்ன செய்வது என்ற ஒரே கேள்விக்குச் சொல்லப்பட்ட வெவ்வேறு பதில்கள்.

வெறும் பலகை

மிக எளிய பதில், ஒரு பெரிய பலகையில் ஓட்டை போட்டு மாட்டிவிடுவது. பின்புற ஒலி சுற்றி வர வேண்டிய தூரம் கூடுகிறது. ஆனால் 60 செ.மீ. சதுரப் பலகை என்றால் சுமார் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே ஒலி ஆக்டேவுக்கு 6 டெசிபல் வீதம் இறங்கத் தொடங்கிவிடும். 60 ஹெர்ட்ஸை எட்டுவதற்குள் 12 டெசிபல் போய்விட்டது. இந்த முறையைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தவர் சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ். அவர் இழந்த பேஸைத் தனிச் சர்க்யூட்டால் ஈடுகட்டி, நீள ஓட்டமுள்ள வூஃபர்களைப் போட்டு, அறையில் குறைவாக முழங்கும் அருமையான ஸ்பீக்கர்களைச் செய்து காட்டினார். நம் வூஃபரின் க்யூ.டி.எஸ். 0.40. வெறும் பலகைக்கு 0.7-க்கு மேல் இருந்தால்தான் ஒப்பேறும். அடுத்ததற்குப் போவோம்.

மூடிய பெட்டி

பின்புற ஒலியைக் காற்றுப் புகாமல் அடைத்துவிடுவது இரண்டாவது பதில். அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர் 1954-இல் ஏ.ஆர்.-1 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தபோது இதில் ஒரு புதுமை செய்தார். கோனின் தாங்கலை மிகவும் இளக்கமாக விட்டுவிட்டு, ஸ்பிரிங் வேலையின் பெரும்பகுதியை உள்ளே அடைபட்ட காற்றிடம் ஒப்படைத்தார். துணியையும் ரப்பரையும்விடக் காற்று சீரான ஸ்பிரிங். அதனால் பெட்டியும் சிறுத்தது, பேஸில் கலக்கும் கரகரப்பும் குறைந்தது.

கணக்கு மிக எளிது. வி.ஏ.எஸ்.-ஐப் பெட்டியின் லிட்டரால் வகுத்து, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். அந்த எண்ணால் எஃப்.எஸ்.-ஐப் பெருக்கினால் பெட்டியில் மாட்டியபின் வரும் ஒத்ததிர்வு அதிர்வெண். அதே எண்ணால் க்யூ.டி.எஸ்.-ஐப் பெருக்கினால் பெட்டியின் க்யூ. இது 0.707 ஆக அமைந்தால் பேஸ் மேடு பள்ளமின்றி வந்து, பிறகு இறங்கும். நம் வூஃபருக்கு அதற்கு 19 லிட்டர் வேண்டும். அந்தப் பெட்டியில் ஒத்ததிர்வு 62 ஹெர்ட்ஸ், ஒலி 3 டெசிபல் குறையும் இடமும் அதுவே. அதற்குக் கீழே ஆக்டேவுக்கு 12 டெசிபல் வீதம் சரிவு.

அவ்வளவு இடமில்லை, பாதியாக 9.5 லிட்டரில் செய்தால்? ஒத்ததிர்வு 80 ஹெர்ட்ஸுக்கு ஏறும், க்யூ 0.91 ஆகும், ஒரு டெசிபலுக்கும் குறைவான சிறு மேடு வரும். அடிமட்ட பேஸ் போகும். ஆனால் கேட்பவருக்குப் பேஸ் இருப்பதுபோலவே தோன்றும், ஏனென்றால் மேடு அதை ஈடுகட்டுகிறது. பி.பி.சி. தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970-களில் உருவாக்கிய எல்.எஸ்.3/5ஏ என்ற குட்டி மூடிய பெட்டியிலும் இப்படி ஒரு மேடு உண்டு. இன்றும் அதை விரும்பித் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மூடிய பெட்டி தவறுகளை மன்னிக்கும் என்று நான் சொல்வது இதைத்தான். அளவு பாதியானாலும் பாட்டு கெட்டுப்போவதில்லை.

நம் கிராமங்களில் ஸ்பீக்கரை மண்பானையின் வாயில் வைத்துக் கட்டிப் பாட்டுக் கேட்டவர்கள் செய்ததும் மூடிய பெட்டிதான். அதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. பானையின் வளைந்த சுவர் பலகையைப்போல அதிராது. வெளிப்புறத்தில் கூர்மூலைகள் இல்லாததால் ஒலி விளிம்பில் பட்டுச் சிதறுவதும் குறைவு. உருண்டை வடிவப் பெட்டியே இந்த விஷயத்தில் சிறந்தது என்று ஹாரி ஓல்சன் 1950-களின் தொடக்கத்திலேயே அளந்து காட்டியிருக்கிறார். கொள்ளளவைத் தெரிந்துகொள்ளத் தண்ணீர் ஊற்றி அளந்தால் போதும், எந்த மரப்பெட்டிக்கும் இந்த வசதி கிடையாது. குறை இரண்டு. உள்ளே எல்லாப் பக்கமும் ஒரே தூரம் என்பதால் குறிப்பிட்ட ஒரு சுருதியில் மட்டும் பானை முழங்கும், அதற்கு உள்ளே பஞ்சு அடைக்க வேண்டும். வாயில் இடைவெளி விழுந்தால் பேஸ் ஒழுகிவிடும், அதற்கு ரப்பர் வளையமும் எம்-சீலும் வேண்டும்.

பஞ்சு எல்லா மூடிய பெட்டிக்கும் வேண்டியதே. தலையணைக்குள் அடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சு போதும். அதை உதிர்த்து, அமுக்காமல் நிரப்பினால் பெட்டி கொஞ்சம் பெரிதானதுபோல நடந்துகொள்ளும். இலவம்பஞ்சு வேண்டாம், தூசு பறந்து காயிலின் இடுக்கில் போய் உட்காரும்.

மாட்டி முடித்ததும் ஒரு சோதனை. கோனை விரல்நுனிகளால் நான்கு பக்கமும் சமமாக மெல்ல அமுக்கி விடுங்கள். நிதானமாகத் திரும்பி வந்தால் பெட்டி இறுக்கம். சட்டென்று வந்துவிட்டால் எங்கோ காற்று போகிறது. ஸ்பீக்கர் விளிம்பையும் பின்னால் கம்பி போகும் துளையையும் முதலில் பாருங்கள்.

குழாய் வைத்த பெட்டி

காலிப் பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு சுருதி எழுகிறதல்லவா, அந்தச் சுருதியைப் பேஸுக்குப் பயன்படுத்துவதுதான் பேஸ் ரிஃப்ளெக்ஸ். பெட்டியில் ஒரு குழாயைப் பொருத்தினால் குழாய்க்குள் இருக்கும் காற்று ஓர் எடையாகவும், பெட்டிக் காற்று ஸ்பிரிங்காகவும் சேர்ந்து ஆடும். அந்த ஆட்டத்தின் அதிர்வெண்ணில் கோன் ஏறக்குறைய நின்றுவிட, ஒலியைக் குழாயே தருகிறது. பின்புற ஒலி வீணாகாமல் திசை திரும்பி முன்புற ஒலியோடு சேர்ந்துகொள்கிறது. பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1930-இல் விண்ணப்பித்து 1932-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது.

நம் வூஃபரின் 0.40 இதற்கென்றே அளந்துவைத்ததுபோல் இருக்கிறது. 38 லிட்டர் பெட்டி, குழாயின் சுருதி 35 ஹெர்ட்ஸ் என்று அமைத்தால் ஒலி 35 ஹெர்ட்ஸ்வரை வந்து அங்கேதான் 3 டெசிபல் குறையும். மூடிய பெட்டியில் 62, இங்கே 35. இளையராஜா பாடல்களில் பேஸ் கிடாரைத் தேடித்தேடிக் கேட்பவர்களுக்கு இது என்ன வித்தியாசம் என்று சொல்கிறேன். பேஸ் கிடாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். 19 லிட்டர் மூடிய பெட்டியில் அந்த ஒலி 8 டெசிபல் தாழ்ந்து வரும். 38 லிட்டர் குழாய்ப் பெட்டியில் 1 டெசிபல்தான் குறையும். மூடிய பெட்டியில் அந்தச் சுரம் காணாமல் போகாது, அதன் மேல்சுரங்கள் வழியாகக் காது அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் மார்பில் தொடும் அந்தக் கனம் வராது.

இதற்குக் கொடுக்கும் விலை என்ன? பெட்டி இரண்டு மடங்கு. சுருதிக்குக் கீழே சரிவு ஆக்டேவுக்கு 24 டெசிபல். இரண்டு சரிவுகளையும் ஒரே தாளில் வரைந்தால் 20 ஹெர்ட்ஸ் அருகில் அவை ஒன்றையொன்று வெட்டும், இரண்டு பெட்டியிலும் அங்கே ஏறக்குறைய 20 டெசிபல் இழப்பு. அதற்கும் கீழே மூடிய பெட்டிதான் அதிகம் தரும். பாட்டுக்கு அது பொருட்டில்லை. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. சுருதிக்குக் கீழே குழாய் வெறும் ஓட்டையாகிவிடுவதால் கோனைப் பிடித்து நிறுத்தக் காற்று ஸ்பிரிங் இல்லை. சினிமாவில் குண்டு வெடிக்கும் காட்சியில் வூஃபர் கடகடவென்று அடித்துக்கொள்வது இதனால்தான். ஆம்ப்ளிஃபயரில் 25 அல்லது 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டர் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

இன்னொரு விலையைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. கடைக்காரர் தந்த தாளில் க்யூ.டி.எஸ். 0.40 என்று இருக்கிறது, உண்மையில் அது 0.50 என்று வைத்துக்கொள்ளுங்கள். 19 லிட்டர் மூடிய பெட்டியில் இதனால் வருவது அரை டெசிபல் மேடு, யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். 38 லிட்டர் குழாய்ப் பெட்டியில் 50 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறக்குறைய 2 டெசிபல் மேடு எழும், தவில் உருட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு வால் முளைக்கும். குழாய்ப் பெட்டியைக் குறைசொல்கிறவர்கள் கேட்டிருப்பது பெரும்பாலும் இப்படித் தவறான எண்களில் கட்டிய பெட்டியைத்தான்.

குழாயின் நீளம்: உள்விட்டத்தை செ.மீ.யில் வர்க்கமாக்கி 23,560-ஆல் பெருக்குங்கள். சுருதியின் வர்க்கத்தையும் லிட்டரையும் பெருக்கி, வரும் எண்ணால் அதை வகுங்கள். கிடைத்ததிலிருந்து உள்விட்டத்தின் 0.73 மடங்கைக் கழியுங்கள். நம் பெட்டிக்கு 5 செ.மீ. குழாய் என்றால் 9 செ.மீ. நீளம், 7.5 செ.மீ. என்றால் 23, 10 செ.மீ. என்றால் 43. சிறிய குழாய் சுலபம் என்று ஆசைப்படாதீர்கள், சத்தம் கூட்டினால் காற்று புஸ்ஸென்று இரையும். 7.5 நம் வூஃபருக்குச் சரி. ஹார்டுவேர் கடையில் 75 மி.மீ. என்று கேட்டு வாங்கும் பி.வி.சி. பைப்பின் அளவு வெளிவிட்டம் என்பதை மறக்க வேண்டாம். உள்விட்டத்தை அளந்து கணக்கைத் திரும்பப் போடுங்கள். 3 செ.மீ. கூடுதலாக அறுத்துக்கொள்ளுங்கள். போனில் ஒலி எழுப்பும் செயலியால் 35 ஹெர்ட்ஸ் ஓடவிட்டு, கோனின் ஆட்டம் மிகக் குறையும் இடம் 35-க்கு வரும்வரை சிறிது சிறிதாக வெட்டுங்கள். குழாயின் உள்முனைக்கும் பின்பலகைக்கும் இடையே குழாயின் விட்டம் அளவாவது இடைவெளி வேண்டும். பஞ்சைச் சுவரோரமாக மட்டும் ஒட்டுங்கள், குழாயின் வாய்க்கு முன்னால் வேண்டாம்.

மற்றவை

குழாய்க்குப் பதில் காந்தமும் காயிலும் இல்லாத வெறும் கோனை மாட்டுவது பேஸிவ் ரேடியேட்டர். பெட்டி மிகச் சிறிதாகி, குழாய் பெட்டிக்குள் அடங்காத நீளத்துக்குப் போகும்போது இதுதான் வழி. ஜே.பி.எல்.லின் கையடக்க புளூடூத் ஸ்பீக்கர்களில் இரு முனைகளிலும் துடிக்கும் தட்டு இதுவே. வீட்டில் பெட்டி செய்பவருக்கு இடம் இருக்கிறது, பைப் மலிவு. தேவையில்லை.

டிரான்ஸ்மிஷன் லைன் என்பது பின்புற ஒலியை நீண்ட மடிப்புப் பாதையில் அனுப்பி, வழியெல்லாம் கம்பளி இழையால் உறிஞ்சி, மிச்சத்தை வெளியே விடுவது. ஆர்தர் பெய்லி 1965-இல் வயர்லெஸ் வேர்ல்டு இதழில் எழுதியபிறகு பரவலாயிற்று. பாதை கால் அலைநீளம் இருக்க வேண்டும். 35 ஹெர்ட்ஸுக்கு அது ஏறக்குறைய 2.46 மீட்டர். பாதையின் குறுக்குப் பரப்பு கோனின் பரப்பளவாவது, அதாவது சுமார் 215 சதுர செ.மீ. பெருக்கினால் 53 லிட்டர், உள்ளே தடுப்புப் பலகைகள் தனி. நன்றாக அமைந்தால் குழாய்ப் பெட்டியின் ஆழத்துக்கு அருகில் வந்து, அதைவிட நிதானமாக ஒலிக்கும். ஆனால் பஞ்சின் அளவைக் கேட்டுக்கேட்டுத்தான் சரிசெய்ய வேண்டும், பெட்டியைத் திறந்து மூட வசதி வைக்காமல் ஃபெவிகால் போட்டுவிட்டால் கதை முடிந்தது. இரண்டாவது, மூன்றாவது பெட்டியாக இதைச் செய்யலாம்.

ஹார்ன் எனும் குழல், குறைந்த வாட்டில் நிறையச் சத்தம் தரும். திருவிழா மைக் செட்டுக் குழாய் ஊருக்கே கேட்பது அதனால்தான். அதில் பேஸ் இல்லாததற்குக் காரணம், வாய் போதாது. 35 ஹெர்ட்ஸுக்கு வாயின் சுற்றளவு ஓர் அலைநீளமாவது, அதாவது 9.8 மீட்டர் வேண்டும். பரப்பு 7.7 சதுர மீட்டர், ஓர் அறையின் சுவரில் பெரும்பகுதி. பால் கிளிப்ஷ் 1940-களில் ஒரு தந்திரம் செய்தார். ஸ்பீக்கரை அறை மூலையில் ஒட்டிவைத்து, இரு சுவரையும் தரையையும் குழலின் தொடர்ச்சியாக்கினார். தேவை எட்டில் ஒரு பங்காகக் குறைந்தது. அப்படியும் ஒரு சதுர மீட்டர் வாய், உள்ளே தச்சரைத் திணறடிக்கும் மடிப்புகள். கிளிப்ஷ்ஹார்ன் 1946-இலிருந்து விற்கிறது. அதைப் பார்த்து அசந்துபோகலாம், வீட்டில் செய்யக் கிளம்ப வேண்டாம்.

கோனையே இரண்டு அறைகளுக்கு நடுவே ஒளித்துவைக்கும் பேண்ட்பாஸ் பெட்டி, மலிவான ஹோம் தியேட்டர் செட்டுகளில் வரும் அந்த ஒரே சுருதி டும் டும். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

எதைக் கட்டுவது

அச்சடித்த எண்கள் கையில் இல்லை, அளக்கவும் வழியில்லை என்றால் மூடிய பெட்டி கட்டுங்கள், விவாதமே வேண்டாம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கும் பெயரில்லா வூஃபர்கள் பலவற்றுக்கு எண்கள் கிடைக்காது. எண்களை நம்பலாம், அறையில் இடமும் இருக்கிறது என்றால் குழாய்ப் பெட்டிதான் அதிகம் கொடுக்கும். மூடிய பெட்டியின் குறையை டோன் கன்ட்ரோலில் பேஸைத் திருகி ஈடுகட்டலாமே என்பார்கள். 10 டெசிபல் கூட்டினால் 10 மடங்கு வாட் வேண்டும் என்பதை மனதில் வைத்துச் செய்யுங்கள்.

மரம்: 18 மி.மீ. எம்.டி.எஃப். அதிர்வு குறைந்தது, அறுக்கச் சுலபம். ஆனால் கடலோர ஊர்களில் ஈரத்தை வாங்கி ஓரம் உப்பும். வெட்டிய ஓரங்களை எல்லாம் பிரைமரால் மூடிய பிறகே பெயின்ட். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட்டை வாங்கலாம். 19 லிட்டருக்கு உள்ளளவு அகலம் 25, உயரம் 38, ஆழம் 21 செ.மீ. என்று வைத்தால் 20 லிட்டர் வரும், அந்தக் கூடுதல் ஒரு லிட்டர் காந்தத்துக்கும் குறுக்குக் கட்டைக்கும். கட்டையைப் பக்கப் பலகைகளின் நடுவிலிருந்து சற்று விலக்கிப் போடுங்கள்.

எண்களை வீட்டிலேயே எடுப்பது

ஆம்ப்ளிஃபயர், போனில் ஒலி எழுப்பும் செயலி, 1000 ஓம், 10 ஓம் ரெசிஸ்டர்கள், மில்லிவோல்ட் ஏ.சி. காட்டும் மீட்டர் இருந்தால் போதும். மிக மலிவான மீட்டர்களில் ஏ.சி. 200 வோல்ட் அளவிலிருந்துதான் தொடங்கும், அவை உதவாது. முதலில் காயிலின் டி.சி. தடையை அளந்து குறித்துக்கொள்ளுங்கள், 6 ஓம் என்று வைப்போம். பிறகு ரெசிஸ்டரைத் தொடரில் போட்டு, ஸ்பீக்கரை எதிலும் மாட்டாமல் நிமிர்த்திப் பிடித்து, அதன் இரு முனைகளுக்கு இடையே வோல்டேஜைப் பாருங்கள். ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் 10 ஓம் ரெசிஸ்டரை வைத்து வரும் வோல்டேஜை ஒருமுறை குறித்தால், மற்ற எல்லாவற்றையும் ஓமாக மாற்றிக்கொள்ளலாம்.

அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் வோல்டேஜ் உச்சிக்கு ஏறும். அதுதான் எஃப்.எஸ்.: 35 ஹெர்ட்ஸ். அங்கே தடை 54 ஓம் என்றால், அது 6-இன் 9 மடங்கு, வர்க்கமூலம் 3. இருபுறமும் தடை 18 ஓமாகும் இரண்டு அதிர்வெண்களைக் கண்டுபிடியுங்கள்; நம் வூஃபருக்கு 23.3, 52.5. 35-ஐ 3-ஆல் பெருக்கி, இந்த இரண்டின் வித்தியாசமான 29.2-ஆல் வகுத்தால் 3.6. அதை 9-ஆல் வகுத்தால் க்யூ.டி.எஸ்.: 0.40. அதே 3.6-ஐ 9-க்குப் பதில் 8-ஆல் வகுத்தால் கிடைப்பது காந்தத்தின் பிடி மட்டும், 0.45. எஃப்.எஸ்.-ஐ இதனால் வகுத்துப் பார்ப்பது ஒரு பழைய குறுக்குவழி: 50-க்குக் கீழே வந்தால் மூடிய பெட்டி, 100-க்கு மேலே போனால் குழாய்ப் பெட்டி. நம்முடையது 78, இரண்டுக்கும் இடம் தரும் வூஃபர்.

வி.ஏ.எஸ்.-க்குக் கொள்ளளவு தெரிந்த இறுக்கமான ஒரு பெட்டியிலோ பானையிலோ ஸ்பீக்கரைத் தற்காலிகமாக மாட்டி, புதிய உச்சி எங்கே வருகிறது என்று பாருங்கள். அதை எஃப்.எஸ்.-ஆல் வகுத்து, வர்க்கமாக்கி, 1 கழித்து, லிட்டரால் பெருக்குங்கள்.

புது ஸ்பீக்கரை வாங்கிய அன்றே அளக்க வேண்டாம். தாழ்ந்த அதிர்வெண்ணில் சில மணி நேரம் ஆடவிட்டால் தாங்கல் இளகி, எஃப்.எஸ். கொஞ்சம் இறங்கி, வி.ஏ.எஸ். ஏறும். இரண்டும் எதிரெதிராக நகர்வதால் பெட்டிக் கணக்கில் அது பெரும்பாலும் அடிபட்டுப்போகும். ஆனால் ஒரு எண்ணைப் புதிதிலும் இன்னொன்றைப் பழகிய பின்பும் எடுத்தால் கணக்கு பொருந்தாது. மூன்றையும் ஒரே நாளில் எடுங்கள்.